அவன் அவளுக்குப் புருஷன் என்று சொன்னேன்

அந்தப் படத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தருவதாக நண்பனிடம் ஒப்புக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். இப்போது சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறான். அங்கே சில பேர் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்துகிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தியேட்டரை வாடகைக்கு எடுத்து வெளிநாட்டுப் படம் போடுவார்கள். பார்த்தவர்களில் ஒருவர் அதைப் பற்றி எழுத வேண்டும். அதை சைக்ளோஸ்டைல் எடுத்து அடுத்த மாதம் வாசலில் கொடுப்பார்கள். அந்த பிரெஞ்சுப் படம் என் முறைக்கு வந்தது. மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் இரண்டாவது பத்தியிலேயே என் மனைவி உள்ளே வந்துவிட்டாள். கட்டுரை இனி வராது என்று தெரிந்த பிறகு இதை எழுதுகிறேன். இதை அவனுக்கு அனுப்பப் போவதில்லை.

படத்தின் கதை சின்னது. ஆற்றங்கரையில் ஒரு பழைய வீடு. ஐம்பது வயதுக்காரன் ஒருவன் அதில் தனியாக இருக்கிறான். சலவைக் கடையில் வேலை செய்யும் பெண் துணி கொடுக்க வருகிறாள். ஒரு மழைநாளில் அங்கேயே தங்கிவிடுகிறாள். அவன் ஒரு நிபந்தனை சொல்கிறான். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று கேட்பேன், அதை மட்டும் தட்டாமல் செய்ய வேண்டும். பெரிதாக எதுவும் கேட்பதில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார். மத்தியானம் வரை பேசாதே. தலைமுடியைத் தூக்கிக் கட்டு. அவள் செய்கிறாள். முதலில் சிரித்துக்கொண்டே செய்கிறாள், போகப்போகச் சிரிக்காமல் செய்கிறாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் அவனால் கேட்பதை நிறுத்த முடியவில்லை. என்னை விட்டுப் போக ஆசைப்படுவதாகச் சொல் என்கிறான். சொல்கிறாள். என்மேல் ஆசை இருப்பதாகச் சொல் என்கிறான். அதையும் சொல்கிறாள். இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறாள். அவன் மாடிப்படியில் போய் உட்காருகிறான். படம் முடிந்துவிடுகிறது.

அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் என் மனைவியிடம் வேறு மாதிரி சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டைவிரலை நீட்டுவார். நான் பி.ஏ. முடித்து தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது தெருவே வந்து வாசலில் நின்று பார்த்தது. நான் பி.யு.சி. படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அதுவரை நைனாவோடு தறியில் உட்கார்ந்தது அம்மாதான். எங்கள் தறி கோர்வைத் தறி. புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வளர வேண்டும். அதற்கு ஒரு ஆள் போதாது. முக்கிய ஆள் இடது பக்கம், கோர்வை போடுகிறவர் வலது பக்கம். இவர் குறுக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள, அவர் வாங்கிக் கோர்த்து, கரை நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு பேரின் அடியும் ஒன்றாக இருந்தால் கோர்த்த இடம் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பிறகு பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கூலிக்கு வந்து கோர்வை போட்டார்.

எங்கள் தெருக்களில் பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்வதில்லை. பெண்ணைத் தறியருகே அழைத்துப்போய் பாவில், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலில், ஓர் இழையை அறுத்துவிட்டு, முடியச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இருக்கிறது என்று, என் மனைவியைப் பெண் பார்க்கப் போன வழியிலேயே நைனாவிடம் சொன்னேன். நைனா சிரித்துக்கொண்டு, "அங்க போய் இதெல்லாம் பேசாதப்பா" என்றார். அவள் வந்தாள். அறுந்த இழையின் இரு முனைகளையும் எடுத்தாள். குனிந்துகூடப் பார்க்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே ஒரு உருட்டு உருட்டினாள். முடிச்சு விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அந்த இரண்டு விரல்களைத் தவிர எனக்கு வேறு நினைவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தாலும் இது உண்மை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாளே அவள் நைனாவுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். கூலிக்காரர் வேறு வீட்டுக்குப் போனார். தறிக்கு வெளியே அவள் மாமனாருக்கு எதிரில் உட்கார மாட்டாள், குரல் உயர்த்த மாட்டாள். தறியில் அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. கோர்வை போடுகிறவர் முக்கிய ஆளைத் திட்டலாம், அது எங்கள் பக்கத்து வழக்கம். "மாமா, அவசரப்படாதீங்க, என் கை வரட்டும்" என்று அவள் அதட்டுவதும், "சரிம்மா, சரிம்மா" என்று நைனா அடங்குவதும் எனக்கு வெளி அறையில் கேட்கும். அம்மா இருந்தபோது கேட்ட அதே பேச்சு. அப்போது அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருக்க வேண்டும்.

மாசி மாதம் எங்கள் ஆபீஸ் தலைமை எழுத்தர் தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே தறியில் இருந்தவளைப் பார்த்து, "ஏம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா, ஐயாகிட்ட கேட்டு நல்ல சொம்பா எடு" என்றார். கூலிக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் என் மனைவி என்று நான் சொல்லவில்லை. அவர் போன பிறகும், என்னைக் காட்டி அவர் சொன்ன அந்த 'ஐயா' என் காதிலேயே இருந்தது. மறுநாள் அவளிடம், இனிமேல் தறியில் உட்கார வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நீ படிக்க வேண்டும், உனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன், எட்டாவதோடு நின்றுவிட்டாய், எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம் என்றேன். அப்போது நான் சொன்னது எல்லாம் எனக்கு நிஜமாகவே நியாயமாகத் தோன்றியது. பெண்கள் படிப்பது பற்றி எவ்வளவு மேடைப் பேச்சுகள் கேட்டிருக்கிறேன். என் மனைவியைத் தறிக்குழியிலிருந்து தூக்கிவிட்டதாக நினைத்தேன். அவள் விரல்கள் மெத்தென்று ஆகட்டும் என்று ஒரு டப்பா கிரீமும் வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கூலிக்காரர் மறுபடி வந்தார்.

பங்குனியில் நண்பன் இரண்டு சீட்டு அனுப்பியிருந்தான். அவளையும் அழைத்துப் போவதென்று முடிவு செய்தேன். உலகம் என்றால் என்ன என்று அவள் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். காலை முதல் பஸ்ஸில் போனோம். பூந்தமல்லி தாண்டும்வரை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்யாணப் புடவைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். தியேட்டர் வாசலில் பேன்ட் போட்ட கூட்டத்துக்கு நடுவில் அந்த அரக்குக் கரை மட்டும் தனியாகத் தெரிந்தது. நண்பன் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம், "பிரதர், கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் படம்" என்று காதில் சொன்னான். அதை அவன் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

படம் பிரெஞ்சில், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் நான் காதோரம் சாய்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சலவைக்காரப் பெண் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் காட்சி வந்தது. அறையில் ஒரே கட்டில். அவன் விளக்கைச் சின்னதாக்குகிறான். முன் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "இவங்க யாரு ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி" என்றேன்.

வேறு என்ன சொல்வது? கல்யாணம் ஆகாத ஒருவனும் ஒருத்தியும் ஒரே கட்டிலில் படுக்கும் கதையைப் பார்க்க ஒரு குடும்பத்துப் பெண்ணை ஐம்பது மைல் கூட்டி வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? எங்கள் தெருவில் பிறந்தவன் எவனும் அந்த இருட்டில் அதைத்தான் சொல்லியிருப்பான். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு மிச்சப் படத்தை என்னைவிடக் கவனமாகப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றையும் நான் அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். உட்கார் என்கிறான். பேசாதே என்கிறான். போக ஆசை என்று சொல் என்கிறான். அந்த ஒன்றை மட்டும்தான் மாற்றினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் நிறையப் பேசினேன். ஆசை என்பதே ஒருவகை அதிகாரம், அவன் அவளை அடக்க அடக்க அவன்தான் அடிமையாகிறான் என்றெல்லாம். கட்டுரைக்கு வேண்டியதை அவளிடம் ஒத்திகை பார்த்தேன் என்று சொல்லலாம். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் வண்டி நின்றபோது, "கட்டினவன்தானே, அவன் ஏன் அவ்ளோ பயப்படறான்?" என்று கேட்டாள்.

எதைச் சொல்கிறாய் என்றேன். "அவ முகத்தையே பாத்துக்கினு இருந்தானே, கடைசி வரைக்கும். பயந்தவன்தான் அப்படிப் பாப்பான்" என்றாள். நல்ல கேள்வி என்று பாராட்டினேன். நோட்டிலும் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அவள் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுச் செய்ய ஆரம்பித்தாள். எந்தப் புடவை கட்டட்டும், குழம்பா ரசமா, தலை குளிக்கட்டுமா. நான் ஆபீஸ் விட்டு வரும்போது கதவருகே நிற்பாள். நில் என்று நான்தான் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லியிருந்தேன். மழை வந்த நாளும் நின்றாள். பாடத்தில் பத்து வாக்கியம் எழுது என்றால் பத்து எழுதினாள். முன்பெல்லாம் ஏழு எழுதிவிட்டு, மிச்சம் மூணு கடன் என்று சிரிப்பாள். படம் அவளை என்னிடம் நெருங்க வைத்துவிட்டது என்று நினைத்தேன். நண்பனுக்கு அப்படியே ஒரு கடிதம்கூடப் போட்டேன்.

சின்ன விஷயத்தில்தான் எனக்குத் தட்டுப்பட்டது. ஒருநாள் புழுதி அடிக்கிறது, ஜன்னலை மூடு என்றேன். என் பக்கத்து ஜன்னலை மூடினாள். அதற்கு இரண்டடி தள்ளி இன்னொரு ஜன்னல் திறந்தே கிடந்தது. புழுதி அது வழியாக வந்துகொண்டிருந்தது. அவள் அந்த ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் மூடேன் என்றேன். மூடினாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். நான் சொன்னது எல்லாம் நடந்தது. சொல்லாதது ஒன்றுகூட நடக்கவில்லை. படுக்கையிலும் அப்படித்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆனி மாதம் கூலிக்காரருக்குக் காமாலை கண்டுவிட்டது. தறியில் பாதிப் புடவை நின்றது. மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு வேண்டிய கல்யாணப் புடவை. புடவைக்குச் சொல்லியிருந்தவர் வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். நைனா, நாலு மாதத்தில் முதல் தடவையாக, அவளைக் கூப்பிட்டார்.

"நீ ஒரு வாரம் உக்காந்தா எறக்கிடலாம்மா."

அவள் என்னைக் கையால் காட்டினாள். "அவரு சொல்லட்டும் மாமா."

நைனாவும் வாசலில் நின்றவரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கென்ன, உன் இஷ்டம்" என்றேன்.

"என் இஷ்டம்னா ஆவாது. உக்காருன்னு சொல்லுங்க. இல்ல வேணாம்னு சொல்லுங்க."

அவள் குரலில் கேலி இல்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். உட்கார் என்று சொல்லியிருந்தால் என்ன போயிருக்கும்? அன்று எல்லாமே போய்விடும்போல இருந்தது. மாசியில் நான் செய்தது தவறு என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். அதைவிட, அவள் என்னை எங்கோ ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று தோன்றியது.

"வேணாம்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அரிசியில் கல் பொறுக்கப் போனாள்.

நைனா வேறு தெருவிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வந்தார். அவருக்குக் கை கனம். புடவை முடிந்து மடியில் விரித்தபோது, பாதிக்கு மேல் கரை சேர்ந்த இடம் நூல் பிடித்த மாதிரி தடித்துத் தெரிந்தது. புடவைக்காரர் வீட்டு அம்மா அந்த இடத்தில் நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துப் பார்த்தார். முகூர்த்தம் இருந்ததால் எடுத்துக்கொண்டு போனார். நைனா அன்று சாப்பிடவில்லை. அம்மா இறந்த பிறகு அவர் சாப்பிடாமல் இருந்தது அன்றுதான்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. முதல் வருஷத்துப் பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவள் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கும்போது நான் கதவைச் சாத்திவிட்டு, "ஏன் இப்படிச் செய்யற?" என்று கேட்டேன்.

"எப்படி? நீங்க சொன்னதுல எதைச் செய்யல, அதைச் சொல்லுங்க."

நான் படித்த படிப்பு அத்தனையும் அந்த இடத்தில் உதவவில்லை. நான் எதையோ முணுமுணுத்தேன், அன்பு என்றோ மனசு என்றோ. அவள் ஜாக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு சினிமாவுல பாத்தோமே. கட்டினவன் கேக்கறான், அவ செய்யறா. போவணும்னு இருந்தாலும் அவளால எங்க போவ முடியும்? அதான் அப்படி இருந்துட்டா. எனக்கு அது பாத்ததும் புரிஞ்சிது."

அப்போது நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. "அவங்க புருஷன் பொண்டாட்டி இல்ல" என்றேன். "நான்தான் அப்படிச் சொன்னேன். உன்கிட்ட வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்களுக்குள்ள கல்யாணமே ஆவல."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். அவளுக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அப்ப அவ போயிருக்கலாம்" என்றாள். பிறகு, "அவ போவாம இருந்தான்னா, அது வேற" என்றாள்.

என்ன வேற என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆடி முழுவதும் நைனாவும் நானும் வீட்டில் இரண்டு பேர். தறி சும்மா கிடந்தது. நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார். அந்த ஒரு மாதத்தில் நான் யோசித்து வைத்ததெல்லாம் ஒன்றுதான். அழைத்துவரப் போகும்போது வா என்று சொல்லக் கூடாது. உனக்கு வர விருப்பமா என்று கேட்க வேண்டும், அவள் வாயால் பதில் சொல்ல வேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் போதும். தறி, படிப்பு எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். போகும் வழியெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

அவள் வீடு ஓரிக்கையில். தெருவில் திரும்பியதுமே அவள் குரல் கேட்டது. தறியில் அவள் அண்ணனுக்குக் கோர்வை போட்டுக்கொண்டிருந்தாள். "தூங்கிக்கினே நெய்யறியா நீ? அண்ணி பாக்கறாங்க பாரு" என்று ஏதோ சொல்லி அவளே சிரித்தாள். நாலைந்து மாதமாக நான் கேட்காத சிரிப்பு. சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றி அப்படியே நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். மாமியார் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்றதும் உள்ளே தறிச் சத்தம் நின்றது.

சாப்பாடு போட்டார்கள். மாமியார் கொடுத்தனுப்பப் பலகாரம் கட்டிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி தறியில் போய் உட்கார்ந்திருந்தாள். பாவில் இன்னும் ஒரு புடவைக்கு மேல் மிச்சம் இருந்தது. அவள் அண்ணன் நான் தறியருகே வந்ததைப் பார்த்து, புகையிலை வாங்குவதாகச் சொல்லி எழுந்து வெளியே போனார். வாசலுக்கு அப்பால் அவர் போகவில்லை.

"வர்றியா?" என்றேன்.

"வான்னு சொல்றீங்களா?"

"இல்ல. உனக்கு எப்படி இருக்குதுன்னு கேக்கறேன். வரணும்னு இருக்குதா?"

அவள் நாடாவை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். பெண் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் அப்படிப் பார்த்ததில்லை. "இல்லன்னு நான் சொன்னா, விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள்.

நான் எதிர்பார்த்தது இதுவல்ல. ஆம் இல்லை என்று அவள் சொல்வாள், நான் கேட்டுக்கொள்வேன் என்றுதான் எண்ணியிருந்தேன். முதலில் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், அதைச் சொல்ல வேண்டும். போவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? வருகிறேன் என்றே சொல்லியிருக்கலாம். இந்தப் பாவு முடியட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாசலில் நிற்கும் அண்ணன் தெரிந்தார். பொட்டலம் கட்டும் மாமியார் தெரிந்தார். ஆடி முடிந்து பெண்டாட்டி இல்லாமல் தனியாகத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற நான் தெரிந்தேன். ஒரு மாதமாக அவள் இல்லாத படுக்கையும் தெரிந்தது. பொய்யாகக்கூட அந்த வார்த்தை வரவில்லை.

"வா" என்றேன்.

உடனே எழுந்துவிட்டாள். ஒரு வரிசையின் நடுவில், கோர்த்த இழையை அந்தப் பக்கம் தள்ளாமலே எழுந்தாள். காலைக் கழுவிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் வாசலில் நின்றாள். அவள் அண்ணன் உள்ளே போய்த் தறியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, அப்படியே உட்டுட்டு எழுந்துட்ட" என்றார். வழியெல்லாம் சைக்கிள் கேரியரில் பக்கவாட்டாக உட்கார்ந்து, சீட்டின் அடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேடு ஏறும்போது வண்டி ஆடியது. பிடித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பிடித்துக்கொள்வாள். அதனால் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா எழுந்து நின்று, "வாம்மா" என்றார். அவர் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு உயிர் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஒரு வழி இருப்பதாகப் பட்டது. மறுநாள் காலையில் நைனா புதுப் பாவை எடுத்துத் தறியில் கட்டினார். நான் ஆபீசுக்குச் சட்டை போட்டுக்கொண்டு, நைனாவுக்கும் கேட்கட்டும் என்று, "இனிமே நீ தறியில உக்காரு" என்றேன். மன்னிப்புக் கேட்பதாக நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தினி மணி வரைக்குங்க?"

நைனா பாவிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். உன் இஷ்டம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை முன்பே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அஞ்சு மணி வரைக்கும்" என்றேன்.

இப்போது ஐப்பசி. அவளும் நைனாவும் தினமும் நெய்கிறார்கள். கோர்த்த இடம் தெரிவதில்லை. தறியில் அவள் நைனாவை அதட்டுவது மட்டும் இல்லை. அவர் கை முந்தினால் அவள் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தரை ஆகிவிடுகிறது. அவள் கதவருகே நிற்கிறாள். உள்ளே நைனா, பாதியில் நிற்கும் வரிசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.